தண்ணியில் கலந்தது எங்கே போகுது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அதனால எழுதி வச்சுத்தான் பேசுறேன். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'குழுத் தொழிலும் தண்ணீரும்'. தண்ணீரைச் சிக்கனமா செலவழிக்கணும்னு எல்லாரும் பேசுவாங்க. நான் அதைப் பேசப் போறதில்லை. நாம தயார் பண்ணி விக்கிற பொருள், துவைச்ச தண்ணியோட போய்க் கண்மாயில சேர்ந்த பிறகு என்ன ஆகுது? அது மக்குமா, மக்காதா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இதைத்தான் சொல்லப் போறேன். ஏன்னா இன்னைக்குச் சாயங்காலம் பொதுக்குழுவில நாம ஒரு தீர்மானம் போட வேண்டியிருக்கு. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் விஷயம் தெரியணும்.

நம்ம கூட்டமைப்புல நாலு குழுக்கள் துணி பவுடரும், பாத்திரம் கழுவுற லிக்விடும் பண்றோம். எங்க குழுவும் அதுல ஒண்ணு. பவுடருக்கு முக்கியமான சரக்கு ஆசிட் ஸ்லரி. கருஞ்சிவப்பா, பாகு மாதிரி இருக்கும். அதைச் சோடா உப்போட சேர்த்துக் கிளறினாத்தான் அழுக்கு எடுக்கிற தன்மையும் நுரையும் வரும். போன மாசம் ஒரு வியாபாரி வந்தார். இப்ப வாங்குற விலையை விடக் கிலோவுக்கு 8 ரூபாய் கம்மியா ஸ்லரி தர்றேன்னார். அவர்கிட்ட, 'இது மக்குற சரக்கா, மக்காத சரக்கா? பேப்பர் இருக்கா?'ன்னு கேட்டோம். 'தண்ணியில போடுறது எல்லாம் தண்ணியோட போயிடும்மா'ன்னு சொன்னார். பேப்பர் எதுவும் காட்டலை.

குழுவுல ரெண்டு பேச்சு வந்தது. கடன் தவணை கட்டணும், மலிவா வர்றதை ஏன் விடணும்னு சில பேர். அது நியாயமான பேச்சு, நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பேப்பர் இல்லாத சரக்கு வேண்டாம்னு சில பேர். நாலு குழுவுக்கும் பொதுவான விஷயம் இதுன்னு கூட்டமைப்புக்குக் கொண்டு வந்திருக்கோம்.

முதல்ல கணக்கைப் பாருங்க. நாம எல்லாம் கணக்கு எழுதிப் பழகினவங்கதானே. நாங்க 100 கிலோ பவுடருக்கு 15 கிலோ ஸ்லரி போடுறோம். கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சம்னா 15 கிலோவுக்கு 120 ரூபாய். 100 கிலோ பவுடருக்கு 120 ரூபாய் மிச்சம்னா, ஒரு கிலோ பவுடருக்கு 1 ரூபாய் 20 காசு. நாம பேசிக்கிட்டு இருக்கிறது இந்த 1 ரூபாய் 20 காசுக்குத்தான்.

இப்ப இன்னொரு கணக்கு. ஒரு ஊர்ல 300 வீடு. ஒரு வீட்டுக்கு மாசம் 2 கிலோ பவுடர்னு வச்சுக்குவோம். 2 கிலோவுல ஸ்லரி 300 கிராம். 300 வீட்டுக்கு மாசம் 90 கிலோ. வருஷத்துக்கு 1,080 கிலோ. ஒரு டன்னுக்கு மேல! நம்ம ஊர் வாய்க்கால் எங்க போய்ச் சேருதுன்னு எல்லாருக்கும் தெரியும். மக்குற சரக்கா இருந்தா அந்த ஒரு டன்னும் கரைஞ்சு காணாமப் போகும். மக்காத சரக்கா இருந்தா, அடுத்த வருஷ டன்னும் அதுக்கு மேல வந்து சேரும்.

'தண்ணியோட போயிடும்'னு சொல்றது ஏன் சரியில்லைன்னு கேட்டா, உப்பை நினைச்சுப் பாருங்க. ஒரு சொம்புத் தண்ணியில ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கினா உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனா வாயில வச்சா தெரியும். கரையுறது வேற, அழியுறது வேற. சோப்புத் தண்ணி வாய்க்கால்ல ஓடி, கண்மாயில கலந்து, நுரை அடங்கினதும் 'போயிடுச்சு'ன்னு நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியலைங்கிறதை வச்சு அழிஞ்சு போச்சுன்னு சொல்ல முடியாது.

அப்ப உண்மையா அழியுறதுன்னா என்ன? தண்ணியிலயும் மண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்குல இருக்கு. நாம இட்லி மாவை ராத்திரி கரைச்சு வச்சா காலையில பொங்கி நிக்குது இல்லையா? உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் மாவைத் தின்னு காத்தை விடுது, அதனாலதான் பொங்குது. அதே மாதிரித்தான், தண்ணியில விழுந்த பொருளை நுண்ணுயிர்கள் தின்னும். நல்ல காத்தோட்டம் இருந்தா, தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கும். கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் வெளியே விடும். மிச்சத்தை வச்சுத் தன் உடம்பை வளர்த்துக்கும். ஒரு பொருள் இந்த அளவுக்கு மாறிப் போனாத்தான் அது முழுசா மக்கிடுச்சுன்னு அர்த்தம்.

எல்லாப் பொருளையும் நுண்ணுயிர்களால தின்ன முடியுமான்னா, முடியாது. ஆசிட் ஸ்லரியிலேயே ரெண்டு வகை இருக்கு. வியாபாரத்துல 'சாஃப்ட்', 'ஹார்டு'ன்னு சொல்லுவாங்க. ரெண்டும் நுரைக்கும், ரெண்டும் அழுக்கு எடுக்கும். நாம கண்ணால பார்த்துப் பிரிக்க முடியாது. வித்தியாசம் உள்ளே இருக்கிற கார்பன் சங்கிலியில இருக்கு. சாஃப்ட்டுல அந்தச் சங்கிலி நேரா இருக்கும். ஹார்டுல பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டு இருக்கும். என் மகள் படிக்கிற பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துலயும் சோப்பு, டிடெர்ஜெண்ட் பத்தின பாடம் இருக்கு. பிள்ளைக வச்சிருந்தா வாங்கிப் பாருங்க.

கிளை இருந்தா என்ன? அரிசி மூட்டை வாயில சங்கிலித் தையல் போட்டிருப்பாங்க. சரியான நுனியைப் பிடிச்சு இழுத்தா சர்ருன்னு மொத்தமும் பிரிஞ்சு வந்திடும். நடுவுல ரெண்டு மூணு முடிச்சு விழுந்திருந்தா? அங்கங்க நிக்கும், வராது, கத்தியைத் தேடுவோம். நுண்ணுயிரும் அப்படித்தான். நேரான கார்பன் சங்கிலியை ஒரு நுனியில இருந்து ரெண்டு ரெண்டு கார்பனா வெட்டி வெட்டித் தின்னுக்கிட்டே போகும். கிளை வந்த இடத்துல அதோட வேலை நின்னுடும். நுண்ணுயிர்கிட்ட கத்தி கிடையாது.

இது ஏதோ நான் பயமுறுத்துறதுக்காகச் சொல்றது இல்லை. உலகத்துல நடந்து முடிஞ்ச கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெட்ரோலியத்துல இருந்து செஞ்ச துணி பவுடர்கள் வந்தப்ப, பல நாடுகள்ல இந்தக் கிளை விட்ட சரக்கைத்தான் போட்டாங்க. மலிவா இருந்தது, நல்லாத் துவைச்சது. சில வருஷத்துலயே 1950-கள்ல ஜெர்மனியில ஆறுகள்ல நுரை மலை மாதிரி எழும்பி நின்னது. அணைக்கட்டு, மதகு இருக்கிற இடத்துல எல்லாம் தண்ணி விழுந்து விழுந்து நுரை குவிஞ்சது. அமெரிக்காவுல செப்டிக் டேங்க் இருந்த வீட்டுப் பக்கத்துக் கிணறுகள்ல அந்தச் சரக்கு மண்ணு வழியா இறங்கிப் போய், குழாயைத் திறந்தா டம்ளர்ல குடிக்கிற தண்ணியே நுரைச்சது. மண்ணு வடிகட்டியும் போகலை, கழிவுநீர் சுத்தம் பண்ற நிலையத்துலயும் போகலை.

ஜெர்மனியில 1961-ல சட்டம் போட்டாங்க. சோதனையில 80 சதவீதமாவது சிதையுற சரக்கைத்தான் பவுடர்ல போடணும்னு விதி வந்து, 1964-ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுல கம்பெனிகளே 1965-க்குள்ள நேரான சங்கிலிச் சரக்குக்கு மாறினாங்க. ஆறுகள்ல அந்த நுரை குறைஞ்சது. இன்னைக்கு நாம வாங்குற சாஃப்ட் ஸ்லரி அப்படி வந்ததுதான். பவுடரையே நிறுத்தணும்னு யாரும் சொல்லலை. மக்குற சரக்கைப் போடுன்னுதான் சொன்னாங்க. அதனாலதான் இந்தக் கதையை உங்ககிட்டச் சொல்றேன்.

சரி, ஒரு சரக்கு மக்கும்னு எப்படிச் சொல்றாங்க? இதுதான் எனக்குப் பயிற்சியில ரொம்பப் பிடிச்ச பாடம். கேட்கக் கேட்க, இது நம்ம அடுப்படி வேலை மாதிரித்தான் இருக்கேன்னு தோணுச்சு.

பல நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி.ங்கிற அமைப்பு இதுக்கு வழிமுறை எழுதி வச்சிருக்கு. அதோட எண் 301. அதுல ஆறு விதமான சோதனை இருக்கு. எளிதா புரியுறது மூடின பாட்டில் சோதனை. நல்ல சுத்தமான தண்ணியில, நுண்ணுயிர் வாழத் தேவையான கொஞ்சம் தாது உப்புகளைக் கலந்து, காத்து நிறைய ஏத்தி, கண்ணாடிப் பாட்டில்ல ஊத்துறாங்க. சோதிக்க வேண்டிய பொருளை ஒரு லிட்டருக்கு 2-ல இருந்து 10 மில்லி கிராம் வரைதான் போடுவாங்க. ஒரு சிட்டிகை உப்புல கொஞ்சூண்டு, அவ்வளவுதான். கழிவுநீர் சுத்தம் பண்ற நிலையத்துல இருந்து வெளியே வர்ற தண்ணியைச் சில சொட்டு விடுவாங்க. அதுதான் உறை மோர் மாதிரி. அதுல நுண்ணுயிர்கள் இருக்கு. அப்புறம் காத்து போகாம இறுக்கி மூடி, இருட்டுல, ஒரே சூட்டுல வச்சிடுவாங்க. இருட்டுல ஏன் வைக்கணும்? வெளிச்சம் பட்டா பாசி வளரும். பாசி ஆக்சிஜனை விடும். கணக்கு கெட்டுப் போகும்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டில்ல நுண்ணுயிருக்கு வேற சாப்பாடு கிடையாது. நாம போட்ட பொருளைத் தின்னாத்தான் உண்டு. தின்னா, தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் குறையும். எவ்வளவு குறையுதுன்னு அளந்தா எவ்வளவு தின்னுச்சுன்னு தெரிஞ்சிடும். ஒரு பானைச் சோத்துக்கு எவ்வளவு விறகு ஆகும்னு நமக்கு ஒரு கணக்கு இருக்கு இல்லையா? அதே மாதிரி, இந்தப் பொருளை முழுசா தின்னு முடிக்க இவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சுக்குவாங்க. மொத்தம் 28 நாள். அதுக்குள்ள அந்தக் கணக்குல 60 சதவீதம் ஆக்சிஜன் செலவாகியிருந்தா அந்தப் பொருள் தேறுது.

ஏன் 60? ஏன் 100 இல்லை? எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. நாம சாப்பிடுற சோறு எல்லாம் உழைப்புல செலவாகிடுதா? கொஞ்சம் உடம்புல சதையா சேருதே! நுண்ணுயிரும் தின்னதுல ஒரு பங்கை வச்சுத் தன் உடம்பைக் கட்டிக்குது. அந்தப் பங்கு ஆக்சிஜன் கணக்குல வராது. அதனாலதான் 60-ஐத் தொட்டாலே நல்லா மக்குதுன்னு எடுத்துக்கிறாங்க. இன்னொரு நிபந்தனையும் இருக்கு. 10 சதவீதத்தைத் தொட்ட நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள 60-க்கு வந்திடணும். இழுத்து இழுத்துப் போகக் கூடாது.

ஒரே ஒரு பாட்டில வச்சு முடிவு சொல்றதில்லை. சரக்கு போடாத வெறும் பாட்டில் ஒரு வரிசை இருக்கும். நுண்ணுயிர்கள் சும்மா இருந்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் எடுக்கும்ல? அதைக் கழிக்கிறதுக்கு. சோடியம் அசிடேட் மாதிரி, கண்டிப்பா மக்கும்னு தெரிஞ்ச பொருளைப் போட்டு இன்னொரு வரிசை. அது 14 நாளைக்குள்ள தேறலைன்னா, விட்ட உறையே சரியில்லைன்னு அர்த்தம்; மொத்தச் சோதனையும் செல்லாது. தேவைப்பட்டா மூணாவது வரிசையும் வைப்பாங்க. அதுல மக்குற பொருளையும் நம்ம சரக்கையும் ஒண்ணா போடுவாங்க. மக்குற பொருள்கூட மக்கலைன்னா, நம்ம சரக்கு நுண்ணுயிரைக் கொன்னுடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். சாப்பாடு பிடிக்காம சாப்பிடாம இருக்கிறது வேற, சாப்பாடே விஷமா இருக்கிறது வேற. அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த வரிசை.

இந்தச் சோதனையை வேணும்னே கடினமா வச்சிருக்காங்க. உறை கொஞ்சம், நாள் குறைவு, அந்தச் சரக்கைத் தின்னு பழகின நுண்ணுயிரும் இல்லை. இதுல தேறின பொருள், காத்தோட்டம் உள்ள ஆறு கண்மாயில கண்டிப்பா மக்கும்னு நம்பலாம். தேறலைன்னா மக்கவே மக்காதுன்னு இல்லை. அதுக்கு மேல வேற சோதனை பண்ணிப் பார்ப்பாங்க. ஆனா நமக்குச் சோதனைக்கூடம் கிடையாது, தேறின சரக்கை வாங்குறதுதான் நமக்குப் பாதுகாப்பு.

வீட்டுல பாட்டில்ல போட்டுக் குலுக்கிப் பார்க்கலாமான்னு எங்க குழுவுல ஒரு தங்கச்சி கேட்டா. கண்மாய்த் தண்ணியில பவுடரைக் கலந்து வச்சு, தினம் குலுக்கி, நுரை குறையுதான்னு பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நல்லா இருக்கும். ஆனா அதை வச்சு முடிவு எடுக்க முடியாது. நுரை போச்சுன்னா அந்தப் பொருள் உருமாறிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். எதுவா மாறுச்சுன்னு தெரியாது.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். நோனைல் பீனால் வகைன்னு ஒரு நுரைப் பொருள். நம்ம மாதிரி லிக்விட் பண்றவங்களுக்குக் கடையில எடுத்துக் கொடுப்பாங்க. இதைத் தண்ணியில விட்டா நுண்ணுயிர்கள் ஓரத்துல கொஞ்சம் தின்னும், நுரையும் போயிடும். ஆனா மிஞ்சுற துண்டு சீக்கிரத்துல மக்காது. அந்தத் துண்டு மீனுக்கு முன்னே இருந்ததை விடக் கெடுதல். பெண்மைக்கான ஹார்மோன் மாதிரி நடிச்சு மீனோட உடம்பைக் குழப்பும். ஐரோப்பிய நாடுகள்ல கழுவுற சாமான்கள்ல இதைப் போடக் கூடாதுன்னு 2003-லயே கட்டுப்பாடு கொண்டு வந்துட்டாங்க. பாதி தின்னது முழுசை விட மோசமா இருக்கலாம். அதனாலதான் 'நுரை போகுதா'ன்னு கேட்டா போதாது, 'முழுசா மக்குதா'ன்னு கேட்கணும்.

இன்னும் சில விஷயங்கள் சுருக்கமா சொல்லிடுறேன்.

ஒண்ணு, பவுடர்ல போடுற சோடா உப்பு, சாதா உப்பு இதுக்கெல்லாம் மக்குமா மக்காதாங்கிற கேள்வியே கிடையாது. அதுல நுண்ணுயிர் தின்ன ஒண்ணும் இல்லை. போட்டது போட்டபடி உப்பாவே இருக்கும். திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி உப்பாகி, விவசாயிகள் பாசனத்துக்கு எடுக்க முடியாமப் போன கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அங்க சாயக் கழிவுல வந்தது இந்த மாதிரி உப்புதான். அதனால பவுடர்ல எடை ஏத்துறதுக்காக உப்பை அள்ளிக் கொட்டுறது நல்லதில்லை. பாஸ்பேட் போட்டா அது பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம்.

ரெண்டு, இயற்கைப் பொருள்னா கெடுதலே இல்லைன்னு நினைக்க வேண்டாம். பூந்திக்கொட்டை நல்ல பொருள்தான், துணிக்கும் கைக்கும் நல்லது. ஆனா அதோட நுரைச் சத்து மீனுக்கு ஆகாது. மக்குறது ஒரு குணம், விஷம் இல்லாம இருக்கிறது இன்னொரு குணம். நம்ம சாஃப்ட் ஸ்லரியும் அப்படித்தான். மக்கும், ஆனா மக்குறதுக்கு முன்னாடி, தண்ணி கம்மியா இருக்கிற இடத்துல மொத்தமா கொட்டினா மீனைக் கொல்லும். பக்கெட் கழுவுன தண்ணியை நேரா ஊருணியில கொட்டாதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

மூணு, மக்குறதுக்குக் காத்து வேணும். வாய்க்கால் அடைச்சு, கறுத்து, நாத்தம் அடிக்குதுன்னா அங்க ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம். சாஃப்ட் ஸ்லரிகூட அந்தக் கறுப்புச் சேத்துல மக்காது, அப்படியே தங்கும். நல்ல சரக்கு வாங்கினது பாதி வேலை. வாய்க்காலை ஓட வைக்கிறதும், வீட்டுக் கழிவுத் தண்ணியை வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பி விடுறதும் மீதி வேலை. மண்ணுல காத்தும் நுண்ணுயிரும் நிறைய இருக்கு.

சென்னை மெரினா கடற்கரையில 2019 கடைசியில மழைக்குப் பிறகு வெள்ளை வெளேர்னு நுரை ஒதுங்கினதும், அதுல பிள்ளைகள் இறங்கி விளையாடினதும் டிவியில பார்த்திருப்பீங்க. நுரை அழகாத்தான் இருந்தது. சுத்தம் பண்ணாத கழிவுத் தண்ணி மழையோட கடல்ல சேர்ந்தா வர்ற கோலம் அது. நம்ம கண்மாய்க்கு அந்த நிலைமை வர வேண்டாம். நம்ம ஆடு மாடு குடிக்கிறதும் அதுலதான், மீன் குத்தகையில ஊருக்கு வருமானம் வர்றதும் அதுலதான். பக்கத்துலயே குடிதண்ணீர்க் கிணறு இருக்கு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு எண் 10500. அதுல சோப்புச் சரக்கு ஒரு லிட்டருக்கு 0.2 மில்லி கிராமுக்கு மேல இருக்கக் கூடாது, வேற தண்ணி கிடைக்காத இடத்துல 1 மில்லி கிராம் வரைன்னு போட்டிருக்கு. அதுக்கும் நீல மை மாதிரி ஒரு சாயத்தைப் போட்டுச் சோதிப்பாங்க. தண்ணியைச் சோதிக்கக் கொடுக்குறப்ப இதையும் பாருங்கன்னு நாம கேட்கலாம்.

சரி, சோதனைக்கூடம் இல்லாத நாம எப்படித் தெரிஞ்சுக்கிறது? இதுக்கு வழி இருக்கு. ரசாயனச் சரக்கு எதுக்குமே 'பாதுகாப்பு விவரத் தாள்'னு ஒண்ணு இருக்கும். நல்ல கம்பெனி எல்லாம் கேட்டா கொடுப்பாங்க. அதுல 16 பகுதி இருக்கும். நீங்க நேரா 12-ஆவது பகுதிக்குப் போங்க. சுற்றுச்சூழல் பத்தின பகுதி அது. இங்கிலீஷ்லதான் இருக்கும், படிச்ச பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்குங்க. அதுல 'ரெடிலி பயோடிகிரேடபிள்'னு இருக்கான்னு பாருங்க. சீக்கிரமா மக்கும்னு அர்த்தம். பக்கத்துலயே 301-ங்கிற எண்ணும், 28 நாளும், எத்தனை சதவீதம்ங்கிறதும் இருந்தா ரொம்ப நல்லது. 'இன்ஹெரென்ட்லி'ன்னு இருந்தா, எல்லா வசதியும் அமைஞ்சா மெதுவா மக்கும்னு அர்த்தம். வெறும் 'பயோடிகிரேடபிள்'னு மட்டும் பெருசா அச்சடிச்சிருந்தா ஏமாந்துடாதீங்க. பனங்கட்டைகூட மக்கத்தான் செய்யும், எத்தனை வருஷத்துலங்கிறதுதான் கேள்வி! எத்தனை நாள்ல, எவ்வளவு, எந்தச் சோதனையில? இந்த மூணுக்கும் பதில் இல்லாத வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

ஆசிட் ஸ்லரிக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு. 'லீனியரா?'ன்னு கேளுங்க. நேர்ச் சங்கிலின்னு அர்த்தம். பில்லுலயும் டிரம் லேபிள்லயும் அது எழுதியிருக்கணும். வாயால சொன்னா போதாது. நாம பத்து ரூபாய் உள்கடன் கொடுத்தாலே தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்து வாங்குறோம். ஒரு டிரம் சரக்குக்கு எழுத்து கேட்கிறதுல என்ன வெட்கம்?

அதனால சாயங்காலப் பொதுக்குழுவுக்கு எங்க குழு சார்பா மூணு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, பவுடரும் லிக்விடும் பண்ற நாலு குழுவும் இனிமே விவரத் தாள் இல்லாத சரக்கை வாங்குறதில்லைன்னு தீர்மானம் போடணும். தாளோட நகல் கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு ஃபைல்ல இருக்கணும். எந்த உறுப்பினர் கேட்டாலும் எடுத்துக் காட்டணும்.

ரெண்டாவது, நாலு குழுவும் தனித்தனியா சில்லறையா வாங்காம, கூட்டமைப்பு மூலமா சேர்ந்து மொத்தமா வாங்கணும். அந்த 1 ரூபாய் 20 காசு நஷ்டத்தை அப்படித்தான் ஈடுகட்ட முடியும்னு நினைக்கிறேன். தவணை கட்டுற கஷ்டம் எனக்கும் இருக்கு. மலிவு வேண்டாம்னு நான் சொல்லலை. மக்குற சரக்கை மலிவா வாங்குற வழியைத் தேடுவோம்னு சொல்றேன்.

மூணாவது, நம்ம பாக்கெட் மேல உள்ளே என்ன இருக்குன்னு தமிழ்ல எழுதணும். 'கழுவுன தண்ணியைக் குளம், கிணறு பக்கம் ஊத்த வேண்டாம்'ன்னு ஒரு வரி சேர்க்கணும். வாங்குறவங்களும் நம்ம மாதிரி வீட்டுப் பொம்பளைங்கதான். சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

இன்னொண்ணு, ஸ்லரி கையில பட்டா தோலை அரிக்கும். கிளறுறப்ப கையுறை, கண்ணாடி போடாம யாரும் உட்காராதீங்க. அதுக்கும் கூட்டமைப்பு நிதியில கொஞ்சம் ஒதுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

நமக்கு முன்னாடி இருந்தவங்க நம்ம கண்மாயை நமக்குத் தண்ணியோட விட்டுட்டுப் போனாங்க. நாம செய்ற தொழிலால அது கெட்டுதுன்னு நாளைக்கு ஒரு பிள்ளை சொல்லக் கூடாது. அதுக்குத் தேவையானது பெரிய படிப்பு இல்லை. சரக்கு வாங்குறப்ப ஒரு தாளைக் கேட்டு வாங்குற தைரியம் போதும். அந்தத் தைரியம் வங்கி மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து கடன் கேட்டப்பவே நமக்கு வந்துடுச்சு.

 சாயங்காலம் பொதுக்குழுவுக்கு யாரும் பாதியில எந்திரிச்சுப் போகாம இருந்து கை தூக்கணும்னு கேட்டுக்கிறேன்.